ஓவன் பக்கம் பிள்ளைகளை விடலாமா? வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைகளோடு சேர்ந்து பிஸ்கட், கேக் செய்யும் பெற்றோர் அனுப்பிய கேள்விகளில், சமையலறைப் பாதுகாப்பு தொடர்பானவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு ஒன்பது. மாவைக் கண்டால் இருவருமே ஓடி வந்துவிடுகிறார்கள். யாருக்கு என்ன வேலை கொடுப்பது? எதைக் கொடுக்கவே கூடாது?

வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். "நில்" என்று சொன்ன உடனே நிற்கிறானா, மேடை அவன் இடுப்பு உயரத்துக்கு வருகிறதா, அரைக் கிலோ எடையை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொள்கிறானா என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலையைக் குறையுங்கள்.

ஐந்து வயதுக்காரனுக்கு நீங்கள் அளந்து வைத்ததைக் கிண்ணத்தில் கொட்டுவது, மாவு சலிப்பது, அச்சால் வெட்டுவது, மேடை துடைப்பது போதும். ஒன்பது வயதுப் பெண் தராசில் எடை பார்ப்பாள், முட்டை உடைப்பாள், செய்முறையை உரக்கப் படித்துக் காட்டுவாள், நீங்கள் பக்கத்தில் நின்றால் கலவை அடிக்கும் மின் பீட்டரும் பிடிப்பாள். இருவருக்கும் தனித்தனிக் கிண்ணம் கொடுங்கள். ஒரே கிண்ணத்துக்கு நான்கு கைகள் போட்டியிட்டால் அது கவிழும்.

ஓவன் கதவு இப்போதைக்கு இருவருக்கும் கிடையாது. உருக்கிய சர்க்கரைப் பாகு அதைவிடக் கண்டிப்பாகக் கிடையாது. கேரமல் 160, 170 டிகிரி சூட்டைத் தொடும். கொதிக்கும் நீர்போல வழிந்து ஓடாமல் தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும்.

ஓவனுக்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளித் தரையில் வண்ண டேப் ஒன்றை ஒட்டிவிடுங்கள். ஓவன் எரியும்போது கோட்டைத் தாண்டக் கூடாது. "தள்ளி நில்" என்றால் எவ்வளவு தள்ளி என்று ஐந்து வயதுக்குப் புரியாது, கோடு புரியும். ஏறி நிற்கும் முக்காலி அகலமான அடியோடு இருக்கட்டும். அதுவும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான்.

கேள்வி: முதன்முதலாகப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எது நல்லது? நான் கப்கேக் என்று நினைத்திருந்தேன்.

கப்கேக் இரண்டாவதாக வரட்டும். முதலில் முட்டையும் பேக்கிங் பவுடரும் இல்லாத வெண்ணெய் பிஸ்கட்டில் தொடங்குங்கள். கெட்டுப்போக வழி குறைவு, ஒவ்வொரு படியிலும் ஒரு பாதுகாப்புப் பாடம் தானாக வந்து விழும்.

அளவு மூன்று, இரண்டு, ஒன்று: மைதா 150 கிராம், வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. பிள்ளைகள் இதை மறக்கவே மாட்டார்கள். கப்பால் அளக்காமல் தராசில் நிறுக்கச் சொல்லுங்கள். மைதாவைக் கரண்டியால் தளர்வாகப் போட்டால் ஒரு கப் 120 கிராம்தான். கப்பையே மாவில் குத்தி அள்ளினால் 150 கிராம்கூட வந்துவிடும். பிஸ்கட் ஏன் கல்லாகிவிட்டது என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தலைமுடியைக் கட்டி, முழுக்கையை முழங்கை வரை மடித்து, சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவிய பிறகே மேடைப் பக்கம் வர வேண்டும். வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழிய வேண்டும், உருகியிருக்கக் கூடாது. உருகிய வெண்ணெயில் செய்தது ஓவனுக்குள் போனதும் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெண்ணெயையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால் குழைத்து, மைதாவும் உப்பும் சேர்த்து, திரண்டு வரும் வரை மட்டும் கையால் அழுத்தினால் போதும். அதற்குமேல் பிசைந்தால் பசைத்தன்மை கூடிப் பிஸ்கட் கடினமாகும். மாவு உதிர்ந்துகொண்டே இருந்தால் பால் ஒரு டீஸ்பூன், அதற்குமேல் வேண்டாம்.

மாவை இரண்டு பேக்கிங் காகிதங்களுக்கு நடுவே வைத்து, இருபுறமும் மாவில் படாமல் பக்கத்துக்கொரு பென்சிலைப் படுக்க வையுங்கள். உருட்டுக்கட்டை பென்சில்மேல் ஓடும்போது மாவு சுமார் 7 மில்லிமீட்டர் தடிமனில் நிற்கும், அதற்குக் கீழே இறங்காது. சீரான தடிமன் வராவிட்டால் மெல்லிய பக்கம் கருகும், தடித்த பக்கம் வேகாது. பிறகு 20 நிமிடம் ஃப்ரிட்ஜில்.

இந்த 20 நிமிடத்தில்தான் பெரியவர் ஓவனைப் போட வேண்டும்: 170 டிகிரி, 15 நிமிட முன்சூடு. போடுவதற்கு முன் கதவைத் திறந்து உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பிள்ளையைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய ட்ரே, பிளாஸ்டிக் மூடி, போன வாரத்துக் காகிதம் என்று எதையாவது உள்ளே வைத்து மறப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். காலியாக இருக்கிறதென்று பிள்ளை சொன்ன பிறகே சுவிட்ச்.

5 சென்டிமீட்டர் அச்சில் ஏறக்குறைய 20 பிஸ்கட் வரும். 15 முதல் 18 நிமிடம், ஓரம் லேசாகப் பொன்னிறம் கண்டதும் வெளியே எடுங்கள். எடுத்தவுடன் பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லையோ என்று மறுபடி உள்ளே தள்ளிவிடாதீர்கள், ஆறினால் இறுகும். ட்ரேயிலேயே பத்து நிமிடம் விட வேண்டும், அதற்குள் தொட்டால் பிஸ்கட் உடையும், விரலும் சுடும். காத்திருந்தால்தான் முழுப் பிஸ்கட் என்றால் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: பதினொரு வயது மகள், ட்ரேயைத் தானே எடுப்பேன் என்கிறாள். போன தடவை மணிக்கட்டில் கம்பி பட்டு லேசாகச் சுட்டுக்கொண்டாள். எப்படிப் பழக்குவது?

அடுப்பில் நெருப்பு தெரியும். ஓவனில் தெரியாது. 180 டிகிரியில் கிடக்கும் ட்ரேயும் அலமாரியில் கிடக்கும் ட்ரேயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால் "சூடாக இருக்கும், ஜாக்கிரதை" என்று பத்து முறை சொல்வதைவிட, சூடே இல்லாத ஓவனில் ஒத்திகை பார்ப்பது பலன் தரும்.

ஓவனை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, ட்ரேயில் ஒரு கைப்பிடி காய்ந்த பயறைப் பரப்பி உள்ளே வையுங்கள். இனி அவள் செய்ய வேண்டிய வரிசை இது. ட்ரேயை எங்கே வைக்கப்போகிறோமோ அந்த இடத்தை முதலில் காலி செய்து, மரப்பலகையோ கம்பித் தட்டோ வைக்க வேண்டும். பிறகு இரண்டு கைக்கும் கையுறை. "சூடு வருது!" என்று உரக்கக் குரல். கதவுக்கு நேராக நிற்காமல் சற்று ஒதுங்கி, முதலில் ஒரு சாண் மட்டும் திறந்து, ஆவி வெளியேற மூன்று எண்ண வேண்டும். அப்புறம் முழுக்கத் திறந்து, கம்பித் தட்டைப் பாதி வெளியே இழுத்து, இரண்டு கையாலும் ட்ரேயைப் பிடித்து நேராகத் தூக்கி, நினைத்த இடத்தில் வைத்துவிட்டு வந்து கதவை மூட வேண்டும். பயறு ஒரு பக்கமாக உருண்டால் ட்ரே சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். உருளாமல் ஐந்து முறை எடுத்த பிறகு, உண்மையான சூட்டில் நீங்கள் பக்கத்தில் நிற்க ஒரு முறை.

மணிக்கட்டில் சுட்டதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கம்பித் தட்டை வெளியே இழுக்காமல் கையை ஆழமாக உள்ளே விட்டிருப்பாள், அப்போது மேல்தட்டின் கம்பி கையின் மேற்புறத்தில் படும். அல்லது கையுறை மணிக்கட்டோடு நின்றிருக்கும். பாதி முழங்கை வரை வரும் நீளக் கையுறை வாங்குங்கள், அவள் கைக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பெரியவர் கையுறைக்குள் சின்னக் கை தொளதொளவென்று ஆடினால் பிடி நழுவும்.

கையுறையோ துணியோ ஈரமாக இருக்கவே கூடாது. காய்ந்த துணியின் இழைகளுக்கிடையே காற்று இருக்கிறது, அதுதான் சூட்டைத் தடுக்கிறது. நனைந்தால் அந்த இடத்தில் தண்ணீர் ஏறும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். ட்ரேயைத் தூக்கிய இரண்டாவது நொடியில் கை பொறுக்காமல் கீழே போட்டுவிடுவார்கள்.

எடுத்து வைத்த ட்ரேயின் மேலேயே கையுறையைப் போட்டுவையுங்கள். கையுறை கிடந்தால் அது சூடு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். டைமர் மணி அடித்தாலும் ஓவன் குளிர்ந்துவிடுவதில்லை. அரை மணி நேரம் வரை கதவுக் கண்ணாடியும், சின்ன ஓவன் என்றால் மேல்தகடும் சுடும். தம்பி தங்கைகள் கை வைப்பது அங்கேதான்.

கேள்வி: முட்டை சேர்க்காத பிஸ்கட் மாவைப் பச்சையாகச் சாப்பிட்டால் தப்பில்லைதானே? கிண்ணத்தை வழித்து நக்காமல் என் மகன் விடமாட்டான்.

தப்புதான். முட்டையைக் கண்டு பயப்படுபவர்கள் மாவை மறந்துவிடுகிறார்கள். வயலில் விளைந்த தானியத்தை அரைத்ததுதான் மைதாவும் கோதுமை மாவும். அரைப்பதால் கிருமி சாவதில்லை. 2016-இல் அமெரிக்காவில் மாவு வழியாகப் பரவிய ஈ.கோலை தொற்றில் 24 மாநிலங்களில் 63 பேர் நோயுற்றார்கள். மாவை வாணலியிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கிவிட்டுக் கொடுக்கலாமா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். வீட்டில் அதை நம்ப முடியாது. ஈரமில்லாத பொருளில் இருக்கும் கிருமி சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், சூடும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் ஏறாது.

நக்கத்தான் வேண்டுமென்றால், மாவு கலப்பதற்கு முன் வெண்ணெய்–சர்க்கரைக் கலவையில் ஒரு சின்னக் கரண்டி தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அதில் மாவும் இல்லை, முட்டையும் இல்லை.

முட்டை சேர்ப்பதானால் எப்போதும் தனிக் கிண்ணத்தில் உடைக்கப் பழக்குங்கள். கிண்ணத்தின் விளிம்பில் அடித்தால் ஓட்டுத் துண்டு உள்ளே போகும். தட்டையான மேடையில் தட்டினால் போவது குறைவு. விழுந்த துண்டை விரலால் துரத்தாமல், உடைந்த பாதி ஓட்டாலேயே அள்ளினால் சட்டென்று வந்துவிடும். உடைத்து முடித்ததும் வேறு எதையும் தொடுவதற்கு முன் சோப்பு. குழாயைத் திறப்பதுகூடப் புறங்கையால்.

கேள்வி: ஓடிஜி எனப்படும் சின்ன மின் ஓவனில் கேக் வைத்திருந்தபோது காகிதத்தின் ஓரம் பற்றிக்கொண்டது. கதவைத் திறந்து ஊதி அணைத்தேன். பிள்ளைகள் முன்னால் இப்படி நடந்தால் என்ன செய்வது?

நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திறந்ததும் ஊதியதும் இரண்டுமே தவறு. திறந்தால் காற்று போய் நெருப்பு பெரிதாகும், தணல் பறக்கும். ஓவனை அணைத்து, கை எட்டும் தூரத்தில் ஆபத்தில்லாமல் இருந்தால் பிளக்கையும் பிடுங்கி, கதவை மூடியே வைத்திருங்கள். உள்ளே காற்று குறைந்து சிறு நெருப்பு அணைந்துவிடும். அப்படியும் அணையாமல் புகையோ தீயோ வெளியே வந்தால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், மின்சாதனம் அது. பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: விலகிப் போய்ப் பெரியவரைக் கூப்பிடு. அணைக்கும் வேலையைப் பிள்ளைக்குக் கற்றுத்தராதீர்கள்.

காகிதம் பற்றியதற்கு வருவோம். ஓடிஜியில் சூடேறும் கம்பிகள் ட்ரேயிலிருந்து சில அங்குலம்தான் தள்ளி இருக்கும். காகிதம் பாத்திரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதில் படும். விசிறி உள்ள ஓவனாக இருந்தால் காற்றில் எழும்பியே போய்த் தொடும். பாத்திரத்தின் விளிம்புக்குள் அடங்கும்படி வெட்டுங்கள், காலி ட்ரேயில் வெறும் காகிதத்தைப் போட்டு முன்சூடு செய்யாதீர்கள். "பட்டர் பேப்பர்" என்று விற்பதெல்லாம் ஒன்றல்ல. மெழுகு பூசியது சூட்டில் உருகிப் புகையும். உறையில் ஓவனுக்கு ஏற்றது என்றும் எத்தனை டிகிரி வரை என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். அந்த எண்ணைப் படிக்கும் வேலையைப் பிள்ளைக்கே கொடுங்கள்.

கேள்வி: சுட்டுக்கொண்டால் பற்பசை தடவுகிறோம். சரியா?

இல்லை. பற்பசை, வெண்ணெய், எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். இரண்டு நிமிடம் போதாது, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 20. உடனே முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு. வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள். தோலில் ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் இழுக்காதீர்கள். பிறகு உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை (கிளிங் ஃபிலிம்) தளர்வாக மேலே படுக்க வையுங்கள், சுற்றிக் கட்ட வேண்டாம். கொப்புளத்தைக் குத்தக் கூடாது.

சுட்ட இடம் பிள்ளையின் கை அளவைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் கொப்புளம் கண்டாலோ, தோல் வெளுத்தோ கருகியோ இருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் சிறியதாக இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஓவனே வேண்டாம், மைக்ரோவேவில் மக் கேக் செய்யவிடலாம் என்று நினைக்கிறேன். அது பாதுகாப்புதானே?

நெருப்பும் சூடான கம்பியும் இல்லை என்ற அளவில் சரி. ஆனால் மைக்ரோவேவில் சூடு உணவுக்குள்ளேயே பிறக்கிறது. மேலே தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும் கேக்கின் நடுவில் வைத்த ஜாமோ சாக்லேட்டோ நாக்கைப் பொசுக்கிவிடும். மணி அடித்த பிறகு இரண்டு நிமிடம் உள்ளேயே விட்டு, கரண்டியால் நடுவே கிண்டி ஆவியை வெளியேற்றிய பிறகே சாப்பிட வேண்டும். குவளையில் கலவை பாதிக்குமேல் போனால் பொங்கி வழியும். தங்க விளிம்பு போட்ட குவளையில் தீப்பொறி பறக்கும். மெலமைன் குவளையும் கூடாது.

வெறும் தண்ணீரையோ பாலையோ சூடாக்கும்போது இன்னொரு சிக்கல். வழவழப்பான குவளையில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் குமிழ் விடாமல் அமைதியாக நிற்கும். கரண்டியோ பொடியோ பட்ட நொடியில் சீறி எழும்பும். அதனால் சூடாக்கும் முன்பே ஒரு மரக்கரண்டியை உள்ளே போட்டுவிடச் சொல்லுங்கள்.

பெட்டி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பிள்ளையின் தலைக்கு மேல் இருந்தால் அவன் எடுப்பது முகத்துக்கு நேராக வரும் சூடான குவளையை. நெஞ்சு உயரத்துக்கு மேல் இருக்கும் மைக்ரோவேவை அவன் தொடக் கூடாது. கன்வெக்ஷன் வசதியும் உள்ள பெட்டி என்றால் இரட்டைக் குழப்பம்: ஒரு பொத்தானில் உலோகம் ஆகாது, இன்னொரு பொத்தானில் அது 200 டிகிரி ஓவன். ஓவனாக ஓட்டிய பிறகு மறுநிமிடமே பாப்கார்ன் வைக்க வருவார்கள், உள்சுவர் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும். அன்று முழுக்க ஏதாவது ஒரு முறையில் மட்டும் ஓட்டுங்கள்.

கேள்வி: ஹேண்ட் பீட்டரை எந்த வயதில் கொடுக்கலாம்?

எட்டு, ஒன்பது வயதில், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது. கிண்ணத்துக்கு அடியில் ஈரத்துணி போட்டால் சுழலாது. (ஈரம் ஆகும் இடம் இது ஒன்றுதான்.) பீட்டரைக் கலவைக்குள் இறக்கிய பிறகே சுவிட்ச், குறைந்த வேகத்தில் தொடக்கம். அணைத்த பிறகே வெளியே தூக்க வேண்டும். ஓடும்போது விரலோ ஸ்பேட்டுலாவோ உள்ளே போகக் கூடாது. கம்பிகளைக் கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கம்பியில் ஒட்டியதை வழிக்கும்போது கட்டைவிரல் பொத்தானில் பட்டால் என்னாகும் என்று சொல்லிப் பாருங்கள், அவர்களுக்கே புரியும். தொங்கும் முடியும் சட்டையின் கயிறும் உள்ளே சிக்கும் என்பதால் கட்டியாக வேண்டும்.

கேள்வி: மூக்குக்கண்ணாடி போடும் பிள்ளைக்கு ஏதாவது தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஆம். ஓவனைத் திறந்த நொடியில் கண்ணாடி ஆவி படிந்து மங்கும், ட்ரே கையில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரு சாண் திறந்து மூன்று எண்ணும் பழக்கத்தைப் பத்தாக நீட்டுங்கள். மங்கினால் நடக்காமல் அப்படியே நிற்க வேண்டும், தெளிந்த பிறகு எடுக்க வேண்டும்.

கேள்வி: பதின்மூன்று வயது மகன். நான் கூடவே நிற்காமல் அவனைத் தனியாகச் செய்யவிடலாமா?

சமையலறையில் தனியாக விடலாம், வீட்டில் தனியாக வேண்டாம். அதற்கு முன் மூன்று முறை நீங்கள் வாயைத் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள் (கடினம்தான்). முன்சூட்டுக்கு முன் உள்ளே பார்த்தானா, ட்ரே வைக்கும் இடத்தை முதலில் காலி செய்தானா, கையுறை காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தானா, ஓவன் ஓடும்போது சமையலறையை விட்டுப் போகாமல் இருந்தானா என்பதை மட்டும் கவனியுங்கள். போன் பார்க்கப் போய் டைமர் சத்தம் கேட்கவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம் போகட்டும்.

கண்ணாடி ட்ரே வேண்டாம், உலோகம் கொடுங்கள். சூடான கண்ணாடியை ஈர மேடையில் வைத்தாலோ தண்ணீர் தெளித்தாலோ படீரென்று வெடித்துச் சிதறும். சின்ன ஓவனாக இருந்தால் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு, சுவரில் உள்ள பிளக்கில் நேராகச் செருகுங்கள். 1,500, 2,000 வாட் இழுக்கும் சாதனம் அது, மெல்லிய நீட்டிப்பு ஒயர் சூடாகி உருகும். முடித்ததும் அவன் வந்து உங்களிடம் சொல்ல வேண்டியவை மூன்று: அணைத்துவிட்டேன், பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், ட்ரேமேல் கையுறை கிடக்கிறது.